ஐந்தாவது முடிச்சு

டஜனக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது சாக்ஸ் கம்பெனியில். பேக்கிங் பிரிவில் பன்னிரண்டு ஜோடி சேர்த்துக் கட்டுகிற வேலை. மற்றவர்கள் ஒன்று, இரண்டு என்று உதட்டை அசைத்துக்கொண்டிருக்க, அவள் பக்கத்து மேசைக்காரியோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே கட்டி எறிந்துவிடுவாள். கண் எங்கோ இருக்கும், வாய் எங்கோ இருக்கும், விரல் மட்டும் எண்ணும். அவள் கட்டிய கட்டில் பதினொன்றுதான் இருந்தது என்று இதுவரை எவரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. எண்ணிக்கை மட்டுமா? பன்னிரண்டில் ஒரு ஜோடி வேறு நூலாக இருந்தால் பார்க்காமலே உருவிப் போடுவாள். "எண்ணிக்கை சரி, ஜோடி தப்பு" என்பாள். அவள் கட்டை மட்டும் சூப்பர்வைசர் பிரித்துப் பார்ப்பதில்லை. தன் விரல் மேல் அவளுக்கும் அப்படியொரு நம்பிக்கை. அது கொஞ்சம் அதிகப்படி என்று யார் சொன்னாலும் சண்டைக்கு வருவாள்.

ஒரு நாள் சாயப் பிரிவில் சின்னதாகத் தீப்பிடித்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் மறுவாரம் ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்து, எல்லோரையும் சாப்பாட்டு அறையில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினார். வீட்டுக்கு வீடு என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்று அச்சடித்த தாளும் கொடுத்தார். புகை வந்தால் கத்துகிற கருவி, தீயணைக்கும் சிலிண்டர், மடக்கு ஏணி, பேட்டரி ரேடியோ, மூன்று நாளைக்குத் தண்ணீரும் டின் சாப்பாடும். டஜனக்கா தாளைப் படித்து முடித்துவிட்டு எழுந்து, இந்த லிஸ்ட் சம்பளம் வாங்குகிறவர்களுக்கா, கொடுக்கிறவர்களுக்கா என்று கேட்டாள். அறையே சிரித்தது. நல்ல மனுஷன், அவரும் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு அவர் சொன்னதுதான் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

"பயிற்சிக்குக் காசு வேண்டாம்மா. பொருள் இல்லாததால செத்தவங்களை நான் அதிகம் பார்த்ததில்ல. எல்லாரும் வந்துட்டாங்கன்னு நினைச்சு வெளிய வந்துடுவாங்க. தெருவுல நின்னு பார்த்தாத்தான் ஒருத்தர் குறையறது தெரியும்."

எலி வளையானாலும் தனி வளை என்று அவளும் அவள் புருஷனும் பிடித்த வாடகை வீடு அது. ஒரு மாடிக் கட்டடம். மேலே மூன்று வீடு, நடுவில் ஜன்னலே இல்லாத நீள வராந்தா, கோடியில் படிக்கட்டு. கீழ்த்தளம் முழுக்க அட்டைப்பெட்டிக் கிடங்கு. வாடகை குறைவாக இருந்ததற்குக் காரணம் அந்தக் கிடங்குதான். அதுவரை அவளுக்கு அது வாசலை அடைக்கும் லாரித் தொல்லையாக மட்டுமே இருந்தது. அன்று வீட்டுக்கு வந்து படியேறும்போது பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருப்பதைப் பார்த்தாள். அடுப்புக்கு மேலே குடியிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

வீட்டில் நாலு பேர். அவள், பெயிண்டர் வேலை செய்யும் அவள் புருஷன், பதிமூன்று வயதுப் பெரியவள், ஆறு வயதுச் சின்னவள். சின்னவளை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பீரோ இடுக்கு, கட்டிலடி, வாளி என்று எங்கேயாவது நுழைந்துகொள்ளும் பிள்ளை. சுண்டெலி என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். நாலில் ஒன்று குறையக் கூடாது. டஜனக்காவுக்கு வேண்டியது அவ்வளவுதான். மூன்று நாள் சாப்பாடு இல்லாவிட்டால் பட்டினி கிடந்துகொள்ளலாம்.

பானையில் இருந்தால்தானே அகப்பையில் வரும். வாரத்துக்கு ஒரு பொருள் என்று ஆரம்பித்தாள். ஒரு வாரம் தீப்புண் களிம்பு, அடுத்த வாரம் பஞ்சும் பட்டியும், காலி பிஸ்கட் டின் மருந்துப்பெட்டி ஆனது. எண்ணெய்ப் பாக்கெட்டுகளைக் கழுவி, சான்றிதழ்களை அதில் போட்டு மடித்தாள். பெயிண்டரின் பழைய டார்ச்சுக்கு உயிர் கொடுத்தாள். சுண்டெலியின் பொம்மை ரயிலிலிருந்து விசிலைப் பிடுங்கினாள், அதற்கு ஒரு நாள் முழுக்க ஒப்பாரி. கதவுக்குப் பின்னால் பழைய துண்டுகள் நாலு தொங்கின. புகை வந்தால் நனைத்து மூக்கில் கட்டிக்கொள்ள. "போருக்குப் போறோமா, வீட்டை விட்டு ஓடப்போறோமா, முதல்ல அதைச் சொல்லு" என்று பெயிண்டர் கிண்டலடித்தார். கிண்டலடித்தாலும் டார்ச்சுக்கு பேட்டரி வாங்கிவந்தவர் அவர்தான்.

புகையில் ஒருவரை ஒருவர் விடாமல் பிடித்துக்கொள்ளக் கயிறு வேண்டும். கடையில் நல்ல கயிறு இருந்தது, விலையும் நன்றாகத்தான் இருந்தது. பிறகு பார்க்கலாம் என்று வந்துவிட்டாள். வந்த இடத்தில், காலி டப்பாவைத் தூக்கிப் போடப் பரணில் ஏறியவளுக்கு மூலையில் ஒரு கயிறு கிடைத்தது. யாரோ முன்னால் குடியிருந்தவர்கள் விட்டுப்போனது. பெருவிரல் தடிமன், பருத்தி, கொஞ்சமும் இற்றுப்போகவில்லை. அதில் இரண்டு முழத்துக்கு ஒன்றாக ஐந்து முடிச்சு ஏற்கெனவே போட்டிருந்தது. ஒருவர் பின் ஒருவராகப் பிடித்துக்கொண்டு நடக்கச் சரியான இடைவெளி. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? அவள் பார்க்கவில்லை. எதற்காக யார் அந்த முடிச்சுகளைப் போட்டார்கள் என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம். காசு மிச்சமான சந்தோஷத்தில் யாருக்கு யோசனை வரும்?

ஞாயிறு காலை பத்து மணிக்குப் பயிற்சி. சட்டங்கள் அவளே போட்டவை. விசில் ஊதினால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட வேண்டும். துண்டை நனைத்து மூக்கில் கட்ட வேண்டும். ஒரு பழந்துணியால் கண்ணையும் கட்ட வேண்டும், ஏனென்றால் புகையில் கண் இருந்தும் இல்லாத மாதிரிதான். முதல் முடிச்சு அவள், இரண்டாவது சுண்டெலி, மூன்றாவது பெரியவள், நாலாவது பெயிண்டர். ஐந்தாவது முடிச்சு சும்மா பின்னால் இழுபட்டு வரும். வாயைத் திறந்தால் புகை நுரையீரலுக்குப் போகும், அதனால் பேச்சே கிடையாது. அவள் கயிற்றை ஒரு முறை இழுத்தால் "இருக்கீங்களா?" என்று அர்த்தம். ஒவ்வொருவரும் வரிசையாக ஒரு முறை இழுத்தால் "இருக்கேன்." தெருவுக்கு வந்ததும் ஒவ்வொரு தலையாகத் தொட்டு வாய்விட்டு எண்ணுவாள். எண்ணி முடித்து "விடலாம்" என்ற பிறகுதான் கயிற்றை விட வேண்டும். அதற்கு முன்னால் விட்டால் மறுபடி மாடியேற வேண்டியதுதான்.

இழுப்பிலேயே ஆளைத் தெரிந்துகொண்டாள். பெயிண்டர் கனமாக, நிதானமாக இழுப்பார். பெரியவள் இழுப்பதிலேயே அலுப்புத் தெரியும், தோழிகள் பார்த்துவிடுவார்களோ என்ற கவலை அவளுக்கு. சுண்டெலி ஒரு நாளும் சொன்னபடி ஒரு தடவை இழுத்ததில்லை. வெடுக் வெடுக்கென்று இரண்டு தடவை, கிணற்றுக் கயிறு மாதிரி. எவ்வளவு திட்டினாலும் அது அப்படித்தான்.

முதல் ஞாயிறு எல்லாம் ஒழுங்காக நடந்தது. இரண்டாவது ஞாயிறு வராந்தா நடுவில் நின்று கேட்டாள். வெடுக் வெடுக். அலுப்பு. கனம். பிறகு இன்னும் ஒன்று.

மெதுவாக, ஒரே ஒரு தடவை. பாடத்தை ஒழுங்காகப் படித்த பிள்ளை கையைத் தூக்குகிற மாதிரி ஓர் இழுப்பு. கீழே போனதும் யார் விளையாடியது என்று கேட்டாள். மூவரும் சத்தியம் செய்தார்கள். பெயிண்டர் சிரித்தார். ஓசிக் கயிறு, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தால் எதுவும் தோன்றும் என்று அவளும் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் விரல் சமாதானம் ஆகவில்லை. விரலுக்குத் தெரியும், நாலு என்றால் நாலு.

மூன்றாவது ஞாயிறும் அந்த நாலாவது பதில் வந்தது. நாலாவது வாரம் அவள் ஏமாற்றினாள். மற்றவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டதும் தன் கட்டை மட்டும் நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வராந்தா நடுவில் கயிற்றை இழுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். படிக்கட்டுப் பக்கமிருந்து வந்த காலை வெளிச்சம் வராந்தா பாதிவரை இருந்தது. சுண்டெலி வெடுக்கென்று இழுத்தாள். பெரியவள் இழுத்தாள். பெயிண்டர் இழுத்தார். அவருக்குப் பின்னால் கயிறு தரையில் கிடக்கவில்லை. இடுப்பளவு உயரத்தில் நீண்டு, ஐந்தாவது முடிச்சு காற்றில் நின்றது. அது ஒரு முறை அசைந்தது. பிறகு, பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததோ என்னவோ, மெள்ளத் தாழ்ந்து தரையில் படுத்துக்கொண்டது. டஜனக்கா கண்கட்டை இறக்கிவிட்டுக்கொண்டு மீதி வழியை நடந்தாள். கீழே போய் மூன்று தலையைத் தொட்டு எண்ணி, தன்னையும் சேர்த்து நாலு என்று சொல்லி, விடலாம் என்றாள்.

அந்த வாரமே பெயிண்டர் தானாக ஆரம்பித்தார். சாப்பிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே, இனிமேல் கடைசியில் நான் வரமாட்டேன், வேண்டுமானால் நடுவில் போட்டுக்கொள் என்றார். ஏன் என்று கேட்டால் சொல்லக் கூச்சம். அவரும் ஆம்பிளைதானே. கடைசியில் சொன்னார்.

"பின்னாடி யாரோ வர்றாங்க. போன வாரம் என் குதிகாலை மிதிச்சுட்டு, தெரியாம மிதிச்சவங்க மாதிரி டக்குனு காலை எடுத்துக்கிட்டாங்க. கெட்ட ஜாதியா இருந்தா அப்படி எடுக்குமா? ஆனா எனக்கு வேண்டாம்."

வீட்டில் முன்பு யார் இருந்தார்கள் என்று எதிர்வீட்டு இஸ்திரிக்காரம்மாவிடம் விசாரித்தாள். அந்தம்மா, வந்தவர்கள் போனவர்கள் கணக்கெல்லாம் யார் வைத்திருக்கிறார்கள், இது சத்திரம் மாதிரி வீடு, உங்களுக்கு முன்னால் எத்தனையோ குடும்பம் என்று சொல்லிவிட்டு, இஸ்திரிப் பெட்டியை ஊதிக்கொண்டிருந்தாள். புதுக் கயிறு வாங்கிவிடலாம்தான். பெயிண்டருக்கு மழைக்காலத்தில் வேலை இல்லை, பெரியவளுக்குப் பள்ளிச் செருப்பு பிய்ந்துவிட்டது. இருக்கிற நல்ல கயிற்றை எறிந்துவிட்டு அதே மாதிரி இன்னொன்றை வாங்குவதற்கு அவளுக்கு மனசு வரவில்லை. ஐந்தாவது முடிச்சுதானே தொல்லை? அரிவாள்மனையை எடுத்து நாலாவது முடிச்சுக்குப் பின்னால் அறுத்தாள். அறுத்த துண்டைக் குப்பை வண்டியில் போட்டாள். வாசலுக்கு வந்த ஆளின் முகத்தில் கதவைச் சாத்தின மாதிரி அவளுக்குக் கொஞ்ச நேரம் உறுத்தியது. என் பிள்ளைகளுக்கு மேல் எனக்கு யார் என்று கேட்டுக்கொண்டதும் உறுத்தல் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு மூன்றே பதில் வந்தது. பெயிண்டர் பெருமூச்சு விட்டது துண்டைத் தாண்டிக் கேட்டது. பெரியவள் மட்டும் திரும்பி மாடியேறும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் கையைப் பிடித்து வருஷமாகிறது. என்னடி என்றதற்கு, பின்னால் யாரோ சுவரைத் தடவித் தடவிக்கொண்டு வந்த சத்தம் கேட்டது என்றாள். கயிற்றைத் தேடுகிற மாதிரி. "பாவம்மா" என்றாள். டஜனக்கா அவளை அதட்டினாள். அதற்குப் பிறகு எட்டு ஞாயிறு பயிற்சி நடந்தது, எட்டு ஞாயிறும் மூன்று பதில்தான். எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள், அல்லது மறந்த மாதிரி இருக்கப் பழகிக்கொண்டார்கள்.

தீ ஒரு விடுமுறை நாள் மதியம் வந்தது. மாடியில் மற்ற இரண்டு வீடும் பூட்டியிருந்தன. சோறு தின்று பெயிண்டர் கண் அயர்ந்திருந்தார், பெரியவள் வீட்டுப்பாடம், சுண்டெலி கட்டிலடியில். முதலில் மின்விசிறி நின்றது. அப்புறம் கருகின காகித வாசம். டஜனக்கா கதவைத் திறந்ததும் வராந்தா முழுக்கப் புகை, படிக்கட்டிலிருந்து மேலேறி வந்துகொண்டிருந்தது. கிடங்கில் எரிகிற சத்தம் தரைக்கடியில் கேட்டது. அவள் விசிலை ஊதினாள். சும்மா சொல்லக் கூடாது, பயிற்சி என்றால் பயிற்சி. ஒருவரும் கத்தவில்லை. குளியலறை வாளியில் துண்டை நனைத்துக்கொண்டு ஒவ்வொருவராக ஓடிவந்தார்கள். அவள் மருந்துப்பெட்டிப் பையைத் தோளில் மாட்டி, முதல் முடிச்சைப் பிடித்து வாசலில் முதுகைக் காட்டி நின்றாள். வீட்டுக்குள்ளும் புகை வந்துவிட்டது, கண்ணைத் திறக்க முடியவில்லை. பின்னால் கயிறு கனத்தது. இழுத்துக் கேட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லோரும் இருக்கிறார்கள். நடந்தாள்.

வராந்தா எத்தனை அடி என்பது காலுக்குத் தெரியும். குனிந்து, இடது கையால் சுவரைத் தடவி, வலது கையில் கயிறு. வழியில் இன்னொரு முறை கேட்டாள், மூன்று பதில். படிக்கட்டின் கைப்பிடி கையில் தட்டியபோது உயிர் வந்தது. இனி பதினெட்டுப் படி, அப்புறம் தெரு. கடைசியாக ஒரு முறை கேட்டுக்கொள்வோம் என்று இழுத்தாள். ஒன்று. இரண்டு. மூன்று.

முதல் படியில் வைத்த காலை எடுத்துவிட்டாள்.

எண்ணிக்கை சரி. ஆனால் விரல் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது கனம், அது பெயிண்டர். இரண்டாவது பெரியவள், பயத்தில் இழுத்தாலும் அவள்தான். முதல் இழுப்பு மெதுவாக வந்தது, ஒரே ஒரு தடவை, சொல்லிக்கொடுத்தது சொல்லிக்கொடுத்தபடி. வெடுக் வெடுக் இல்லை. வாசலிலிருந்தே இல்லை. ஒரு நாளும் சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளை இன்றைக்கா கேட்கப்போகிறது? அவள் கையைப் பின்னால் நீட்டி இரண்டாவது முடிச்சைத் தடவினாள்.

அங்கே ஒரு கை இருந்தது. குழந்தையின் கை இல்லை. துண்டை நனைத்த கை ஈரமாக இருக்க வேண்டும். இது காய்ந்திருந்தது, கிணற்றடிக் கல் மாதிரி குளிர்ந்திருந்தது. அந்தச் சூட்டில் குளிர்ந்திருந்தது. விரல் ஐந்தும் இருந்தன. பழக்கதோஷம், அதையும் எண்ணினாள்.

தான் போட்ட சட்டத்தைத் தானே உடைத்தாள். அந்தக் கையைத் தாண்டி எட்டி, பெரியவளைப் பிடித்து முன்னால் இழுத்து, பெயிண்டரின் சட்டையைப் பற்றினாள்.

"சுண்டெலி உள்ள இருக்கா. நீங்க இவளைக் கூட்டிட்டு இறங்குங்க."

"அவ முன்னாடிதானே இருக்கா?"

"இது அவ இல்ல."

பெரியவள் அழ ஆரம்பித்தாள். சுண்டெலி முதுகில் இடித்துக்கொண்டேதான் வந்தேன் அம்மா, முதுகு இருந்தது அம்மா என்றாள். பெயிண்டர் திரும்பிப் போகத்தான் பார்த்தார். வருஷக்கணக்காகத் தின்னர் வாசம் பிடித்த நெஞ்சு, இரண்டு அடி வைப்பதற்குள் இருமி மடங்கிவிட்டார். அவரைக் கைப்பிடியில் சாய்த்து, பெரியவளின் கையில் அவர் கையைக் கொடுத்து, முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். படியில் காலடிகள் இறங்கிப் போயின. பிறகு டஜனக்காவும் அதுவும் மட்டும் கயிற்றில் நின்றார்கள்.

பயமா? பயப்பட நேரம் இருந்தால் பயந்திருப்பாள். கயிறு அவளை இழுத்தது. வந்த வழியாகவே, வீட்டுப் பக்கம். இப்போது அது முன்னால், அவள் பின்னால். மூச்சை அடக்கிக்கொண்டு போனாள். அவளுக்கு ஒரே எண்ணம்தான், இது என்னை எங்கே கொண்டுபோனாலும் சரி, என் பிள்ளையிடம் கொண்டுபோகட்டும். வாசற்படி காலில் தட்டியது. அடுக்களை. அதற்கப்புறம் உடம்பில் மோதும் அளவுக்குக் கிட்டத்தில் குளியலறைக் கதவு. உள்ளே இருந்து சின்னக் கையால் தட்டுகிற சத்தம், ஓய்ந்துபோன சத்தம். அந்தத் தாழ்ப்பாள் எப்போதும் இடக்குப் பண்ணும், பெரியவர்களே தூக்கிவிட்டு இழுக்க வேண்டும். கடைசியாகத் துண்டை நனைக்கப் போன பிள்ளை, புகைக்குப் பயந்து கதவைச் சாத்தித் தாழிட்டிருக்கிறது. டஜனக்கா கதவைத் தோளால் இடிக்க ஓங்கினாள். இடிப்பதற்கு முன்னால், உள்பக்கம், தாழ்ப்பாள் மேலே தூக்கப்பட்டு உருவப்படும் சத்தம் கேட்டது. கதவு திறந்து குழந்தை அவள் காலில் விழுந்தது.

வாரி இடுப்பில் போட்டுக்கொண்டாள். கயிற்றைத் தேடினாள், முதல் முடிச்சு அவள் கைக்கே வந்தது. எப்படி வெளியே வந்தாள் என்று யாராவது கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. காலுக்கு வழி தெரியும், அவ்வளவுதான். படிக்கட்டில் இறங்கும்போது, எந்தப் பழக்கத்தில் என்று தெரியவில்லை, கயிற்றை ஒரு முறை இழுத்தாள். பின்னாலிருந்து ஒரு முறை பதில் வந்தது. மெதுவாக, ஒழுங்காக.

தெருவில் வெயில் கண்ணைக் குத்தியது. பெயிண்டர் நடைபாதையில் குந்தி இருமிக்கொண்டிருந்தார், பெரியவள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். தீயணைப்பு வண்டி அதற்குள் வந்துவிட்டது. டஜனக்கா எட்டடி தள்ளி வந்து நின்ற பிறகுதான் கவனித்தாள், கையில் கயிறு இன்னும் இருந்தது. அது தரையில் கிடக்கவில்லை. அவள் கையிலிருந்து கட்டட வாசல்வரை விறைப்பாக நீண்டு, புகைக்குள் போயிருந்தது. அவள் இழுத்துப் பார்த்தாள். வா என்றுதான் இழுத்தாள். அது வாசற்படியைத் தாண்டவில்லை. உள்ளே, படிக்கட்டின் அடியில், அது நின்றுகொண்டிருந்தது. எண்ணுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. அவளுக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது. எத்தனை ஞாயிறு நடந்து நடந்து பழகியிருக்கிறது. எல்லோர் தலையையும் தொட்டு எண்ணுவாள், அப்புறம்தான் வரிசை முடியும். தலை எண்ணப்படாத ஒருவருக்கு வரிசை முடிந்ததே இல்லை.

தீயணைப்புக்காரர் ஒருவர் முகமூடியை மாட்டிக்கொண்டே ஓடிவந்தார். இளம் வயசு. முகவாயில் சவரம் செய்த வெட்டுக்காயம் ஒன்று காயாமல் இருந்தது.

"மாடியில எத்தனை பேரும்மா? யாராவது உள்ள இருக்காங்களா? சொல்லுங்க, இப்பவே போறேன்."

கயிறு ஒரு முறை இழுத்தது. இருக்கேன்.

அவள் வாயைத் திறந்தாள். ஐந்து என்று சொன்னால் இந்தப் பையன் புகைக்குள் போவான். போய்த் தேடுவான். கைக்கு எதுவும் கிடைக்காது, கிடைக்கிறவரை தேடுவான். இவனுக்கும் ஒரு வீடு இருக்கும், சாயங்காலம் இவன் தலையை எண்ணிப் பார்க்க யாராவது இருப்பார்கள். கிடங்கின் ஷட்டர் சூட்டில் நெளிந்து கிரீச்சிட்டது. தன் பிள்ளையைக் கொண்டுவந்து கொடுத்த கை படியடியில் நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. நன்றி கெட்டவள் என்று அவள் தன்னையே திட்டினாள். அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"நாலு பேர். எல்லாரும் வந்தாச்சு."

நன்றாகப் பயிற்சி எடுத்திருக்கிறீர்கள், எல்லோரும் உங்களை மாதிரி இருந்தால் எங்களுக்கு வேலையே இல்லை என்று அவர் பாராட்டினார். தண்ணீர்க் குழாய் உள்ளே போக வேண்டும், கயிறு காலில் மாட்டும், விட்டுவிடுங்கள் என்றார். டஜனக்கா விரலைப் பிரித்தாள். ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

கயிறு தரையில் விழுந்தது. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. பிறகு, யாரோ பொறுமையாகச் சுருட்டி எடுத்துக்கொள்கிற மாதிரி, ஒவ்வொரு முழமாக வாசலுக்குள் போயிற்று. முதல் முடிச்சு வாசற்படியில் ஏறி உள்ளே மறைந்தது. தீயணைப்புக்காரர்கள் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பெயிண்டர் இருமிக்கொண்டிருந்தார். பார்த்தது இரண்டே பேர்.

சுண்டெலி அவள் தோளிலிருந்து தலையைத் தூக்கி, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் கம்மிப்போயிருந்தது. ஆனாலும் தெருவில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள்.

"அம்மா, அவங்களை நீ எண்ணவே இல்லையே."

டஜனக்கா குழந்தையின் வாயைக் கையால் பொத்தி, முகத்தைத் தன் தோளோடு அழுத்திக்கொண்டாள்.